அமைதியான மாப்பிள்ளை, கலகலப்பான பொம்பிளை: எதைப் பார்த்து முடிவெடுக்கிறது?

மரைன்டிரைவ் (கேள்வி)

கொழும்பு வெள்ளவத்தையில ஒரு சம்பந்தம் பேச்சில இருக்கு. பெடியனும் பெட்டையும் ஏற்கெனவே ஆளையாள் விரும்பினவை, இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் குணம் நேர் எதிர். அவர் கணக்காய்வு வேலை, அதிகம் கதைக்க மாட்டார். கந்தோரால வந்தா கொஞ்ச நேரம் தனிய இருக்க வேணும், எந்த முடிவுக்கும் நாலு நாள் யோசிக்க வேணும். அவா வங்கியில. ஆக்கள் எண்டா உயிர், சனி ஞாயிறு வீட்டுக்குள்ள இருக்க ஏலாது, மனதில பட்டதை அந்த நிமிசமே சொல்லிப்போடுவா. இணையத்தில வாற பதினாறு வகைக் குணப் பரிசோதனையை இரண்டு பேரும் செய்து பார்த்தவை. அது ஆளுக்கு நாலு எழுத்துக் குடுக்கும்; இவைக்கு நாலும் வேற வேற எண்டு வந்திருக்கு. அதுக்குப் பிறகு அவாவுக்கு ஒரு பயம் பிடிச்சிட்டுது.

இப்பிடி எதிரெதிரான குணத்தில எந்த வித்தியாசம் பரவாயில்லை, எது உண்மையா ஆபத்து? நிச்சயத்துக்கும் கலியாண எழுத்துக்கும் (பதிவுக்கும்) நடுவில ஆறு மாதம் இருக்கு. அதுக்குள்ள எதைப் பார்க்க வேணும், எதைக் கதைச்சு முடிக்க வேணும்? "அன்பு இருந்தா எல்லாம் சரிவரும்" எண்ட பதில் வேண்டாம். செய்யக்கூடியதாச் சொல்லுங்கோ.

மூன்றாம்மாடி

அந்தப் பரிசோதனைக்காகப் பயப்பட வேண்டாம் எண்டு அவாவுக்கு முதல்ல சொல்லுங்கோ. காரணம் சொல்லாட்டி நம்ப மாட்டா, அதால விபரமா எழுதுறன்.

அதின்ர வேர் கார்ல் யுங் 1921இல எழுதின குணவகைக் கோட்பாடு. கதரின் பிறிக்ஸ், இசபெல் பிறிக்ஸ் மையர்ஸ் எண்ட அமெரிக்கத் தாயும் மகளும் அதை MBTI எண்ட கேள்விக்கொத்தாக்கினவை. முதல் கைநூல் 1962இல வந்தது. கோளாறு எங்க எண்டா, ஒவ்வொரு குணத்தையும் நடுவால வெட்டி இரண்டு பெட்டியில போடுது. ஆக்களின்ர புள்ளிகள் பெரும்பாலும் நடுவுக்குக் கிட்டத்தான் குவியும். நூற்றுக்கு 52 எடுத்தவருக்கும் 95 எடுத்தவருக்கும் ஒரே எழுத்து, 52க்கும் 48க்கும் எதிர் எழுத்து. அதாலதான் சில கிழமை கழிச்சுத் திரும்பச் செய்தா கனபேருக்கு ஏதாவது ஒரு எழுத்து மாறி வரும். எழுத்தை விட்டிட்டு வீதத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ. நாலு எழுத்தும் எதிர் எண்டு பயந்தவைக்கு, இரண்டு அளவில இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில நிக்கிறது அப்ப தெரிய வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒண்டு இருக்கு. ஆருக்குச் சட்டெண்டு மனம் குழம்பும், ஆருக்கு ஒரு சின்னச் சொல்லு மூண்டு நாளைக்கு நிண்டு வலிக்கும் எண்டதை அந்த நாலு எழுத்தும் அளக்கிறதே இல்லை. ஆய்வாளர்கள் பாவிக்கிற ஐந்து குண அளவில அது ஒரு தனி அளவு, மனத்தளம்பல். மற்ற நாலும் புறமுகம் (ஆக்களை நாடுற குணம்), ஒழுங்கு, இணக்கம், புதுமை நாட்டம். கலியாணத்துக்குத் தளம்பலைத்தான் முதல்ல பார்க்க வேணும்.

உளவளத்துணை

மூன்றாம்மாடி சொன்னதிலிருந்தே தொடர்கிறேன், ஏனென்றால் அந்தக் கடைசி வரிதான் விஷயம்.

1930களில் நிச்சயிக்கப்பட்ட 300 அமெரிக்கச் சோடிகளை 1980 வரை பின்தொடர்ந்து கெல்லி, கொன்லி இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவையும் மனக்கசப்பையும் முன்கூட்டிக் காட்டிய குணங்கள் மூன்று: கணவனின் மனத்தளம்பல், மனைவியின் மனத்தளம்பல், கணவனின் தன்கட்டுப்பாட்டுக் குறைவு. ஒருவர் பேசாதவர், மற்றவர் பேச்சுக்காரர் என்பது அதில் இல்லை. 2010இல் அவுஸ்திரேலியா, பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய நாடுகளின் தம்பதிகளை வைத்துப் பார்த்தபோது, குணம் ஒத்திருப்பது மனநிறைவில் விளக்கிய பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. 2020இல் 43 ஆய்வுகளின் தரவை, 11,000க்கு மேற்பட்ட சோடிகளை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். அதிகம் கணக்கில் வந்தவை: துணை இந்த உறவில் உறுதியாக நிற்கிறார் என்ற நம்பிக்கை, தன்னை மதித்துப் பாராட்டுகிறார் என்ற உணர்வு, பாலுறவுத் திருப்தி, சண்டையின் அளவு. ஆளின் குணம் அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

ஆகவே அவரின் அமைதியும் அவரது துணையின் கலகலப்பும் ஒழுங்குபடுத்தக்கூடிய வித்தியாசம். நேரம், இடம், ஆட்கள், முடிவெடுக்கும் வேகம் ஆகிய நான்கிலும் பேசி ஒரு வழி காணலாம். பேசி நடுவில் நிற்க முடியாத வித்தியாசங்கள் வேறு. பிள்ளை வேண்டுமா, எப்போது? கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போவதா, கொழும்பிலேயே இருப்பதா? பெற்றோர் ஒரே வீட்டிலா? தம்பி தங்கைக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது, எத்தனை வருடத்துக்கு? சமய வழிபாடு எப்படி? இவற்றில் பாதிப் பிள்ளையும் பாதி விசாவும் எடுக்க முடியாது. ஒருவர் "போகத்தான் வேணும்", மற்றவர் "போகவே மாட்டன்" என்றால், குணம் நூறு வீதம் ஒத்தாலும் அது பிரச்சினை. அமைதியானவர் இந்தக் கேள்விகளுக்கு "பார்ப்பம்" என்று சொல்லித் தள்ளிப்போடுவது வழக்கம், கலகலப்பானவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் வழக்கம். "பார்ப்பம்" என்றால் எத்தனையாம் திகதிக்குள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. சமூகவியலாளர் டயான் ஃபெல்ம்லி 1995இல் எழுதியது இந்தச் சோடிக்கு நன்றாகப் பொருந்தும்: ஒருவரை எது இழுத்ததோ, அதே குணம் பிறகு குறையாகத் தெரிவது மிகச் சாதாரணம். இன்று "ஆழமான மனுசன்", நாளை "ஒரு வார்த்தை பேச மாட்டார்". இன்று "வீட்டுக்கு உயிர் கொண்டுவாறவா", நாளை "ஓயாத சத்தம்". இருவரும் தனித்தனியே, மற்றவரிடம் தங்களுக்குப் பிடித்த மூன்று குணங்களை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், களைத்துப்போன ஒரு வியாழன் இரவில் அதே குணம் எப்படித் தெரியும் என்றும் எழுதட்டும். பிறகு தாளை மாற்றிப் படிக்கலாம். அரை மணித்தியால வேலை. முறைப்பாடு வரும் நாளில், அது தான் விரும்பி எடுத்த குணத்தின் மறுபக்கம் என்று அடையாளம் காண இது உதவும்.

அனெக்ஸ்வாசி

ஆய்வு சரி. கொழும்பில இரண்டு அறை பிளட்டில இதை எப்பிடி நடத்துறது எண்டதை நான் சொல்லுறன் தங்கச்சி.

முதல் இடம் பின்னேரம். காலி வீதி நெரிசலில நிண்டு ஆறரைக்கு வீட்டை வாறவருக்கு முதல் முப்பது நாப்பது நிமிசம் கதை ஏறாது. அவாவுக்கோ நாள் முழுக்கச் சேர்த்து வைச்ச கதை வாசலிலேயே தொடங்கும். இதில பிழைக்கிறது எங்க எண்டா, அவர் ஒண்டும் சொல்லாமல் அறைக்குள்ள போறதுதான். சொல்லிப்போட்டுப் போக வேணும், நேரத்தோட: "ஏழேகாலுக்கு வாறன், தேத்தண்ணியோட இருந்து கதைப்பம்." ஏழேகாலுக்கு அவராவே எழும்பி வர வேணும், கூப்பிட்டு வரக்கூடாது. சொன்ன நேரத்துக்கு அவர் வாறார் எண்டு பத்துப் பன்னிரண்டு தரம் கண்டிட்டா அவா அந்த நேரத்தைத் தனக்கு எதிரானதா எடுக்க மாட்டா. அந்த இடைவெளியில அவா அம்மாவோட கதைக்கலாம், கீழ இறங்கி மரைன் டிரைவில நடக்கலாம். அறைக்குள்ள அவர் போனைப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் வெளியில கேட்டா எல்லாம் கெட்டுப்போகும், ஏனெண்டா அது ஓய்வா அவாவுக்குத் தெரியாது.

சனி ஞாயிறை நாலு அரைநாளாப் பிரியுங்கோ. ஒண்டு ஆக்களோட, ஒண்டு இரண்டு பேரும் மட்டும், ஒண்டு அவரவர் விருப்பத்துக்கு, மிச்சம் சந்தை, உடுப்புத் தோய்க்கிறது, கோயில். நாலையும் ஆக்களால நிரப்பினா திங்கக்கிழமை அவரிட்ட ஒண்டும் மிஞ்சாது. நாலையும் வீட்டுக்குள்ள வைச்சா அவா வாடிப்போவா.

சில விசேசத்துக்கு அவா தனியப் போகலாம். எது எது எண்டு முதலே முடிவெடுக்க வேணும், சொந்தக்காரருக்குச் சொல்லுற காரணமும் உண்மையா இருக்க வேணும். "அவருக்குக் காய்ச்சல்" எண்டு சொன்னா அடுத்த நாள் ஆரோ நலம் விசாரிச்சுப் போன் எடுப்பினம். "அவர் இண்டைக்கு ஓய்வு, நான் வந்திட்டன்" போதும். கட்டாயம் போக வேண்டிய கலியாண வீட்டுக்குச் சேர்ந்து போங்கோ, வெளிக்கிடுற நேரத்தை முதலே பேசுங்கோ. ஏழு மணிக்குப் போனா ஒன்பதேகால். அங்க அவருக்கு ஒரு வேலை குடுங்கோ: படம் எடுக்கிறது, வயசான ஆக்களை ஆட்டோவில ஏத்தி விடுறது. அமைதியான ஆக்கள் சும்மா நிக்கிறதிலதான் களைப்பினம், கையில வேலை இருந்தா தாக்குப்பிடிப்பினம்.

விருந்தினர்தான் எங்கட ஊரில பெரிய விஷயம். ஆடி ஆவணியில நல்லூர்த் திருவிழாவுக்கு வாறவை, மார்கழி லீவுக்கு வாறவை எல்லாரும் கட்டுநாயக்க விமான நிலையத்தில இறங்கி வெள்ளவத்தையில இரண்டு மூண்டு நாள் நிண்டிட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் எடுப்பினம். ஒரு குளியலறை உள்ள வீட்டில இது சின்ன விஷயமில்லை. எத்தனை இரவு மட்டும் எண்டதை எழுத்துக்கு முதலே பேசுங்கோ. மூண்டு இரவு எண்டு வைச்சா, மிச்ச நாளுக்குப் பக்கத்தில வாடகை பிளட் பார்த்துக் குடுக்கலாம், வெள்ளவத்தையில நாள் வாடகைக்குத் தேடினாக் கிடைக்கும். இரண்டு பேரும் "ஓம்" சொன்ன பிறகுதான் வாறவைக்குப் பதில். அவா போனிலேயே "வாங்கோ வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு அவருக்குச் சொல்லுறது நடந்துகொண்டே இருந்தா, அவர் வாயால ஒண்டும் சொல்ல மாட்டார், கந்தோரில பிந்தி நிக்கத் தொடங்குவார்.

பெண் வீட்டில கதைக்காத மருமகனைப் "பெருமைக்காரன்" எண்டு ஒரு கிழமைக்குள்ள எழுதி முடிச்சிடுவினம். இதுக்கு அவர் கலகலப்பா நடிக்கத் தேவையில்லை. மூண்டு காரியம் செய்தாப் போதும்: பெரியாக்கள் உள்ள வந்தா எழும்பி வணக்கம் சொல்லுறது, அவையின்ர சுகத்தைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்கிறது, போகேக்க கேற் வரைக்கும் போய் வழியனுப்புறது. மிச்சத்தை அவா தன்ர வீட்டுக்குத் தானே விளங்கப்படுத்த வேணும். பெடியன் வீட்டில அவாவை "வாய்க்காரி" எண்டு ஆரும் சொன்னா அதை நிப்பாட்டுறது அவரின்ர பொறுப்பு.

உளவளத்துணை

நடிக்கத் தேவையில்லை என்றதை அழுத்திச் சொல்கிறேன். 2019இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் ஆட்களை ஒரு வாரம் முழுக்கக் கலகலப்பாக நடந்துகொள்ளச் சொன்னார்கள். பொதுவில் மனநிலை உயர்ந்தது, ஆனால் இயல்பிலேயே அமைதியானவர்களுக்கு அந்தப் பயன் குறைவு, களைப்பும் "இது நானில்லை" என்ற உணர்வும்தான் கூடின. ஒரு விசேச வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் முயற்சி எடுப்பது நல்லது. வாழ்க்கை முழுக்க என்று கேட்பது முடியாத காரியம்.

மரைன்டிரைவ்

அக்கா, எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். சண்டை வந்தா அவா உடன கதைச்சு முடிக்க வேணும் எண்டு நிப்பா. அவர் வாயை மூடுவார், அவா இன்னும் கூட்டிக் கதைப்பா, அவர் எழும்பிப் போயிடுவார். இதுக்கு என்ன வழி? மற்றது, குறிப்புப் பார்த்ததில பத்தில ஏழு பொருந்துது, கணம் பொருந்தேல்லை எண்டு பெரியம்மா ஒராள் சொல்லுறா. கணம் எண்டா குணம்தானே, அப்ப இதுவும் அதுவும் ஒண்டோ?

உளவளத்துணை

துரத்தல், விலகல் என்று இதை அன்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல வருடங்களாக ஆய்ந்திருக்கிறார். குணம் மட்டும் இதற்குக் காரணமில்லை. எதையாவது மாற்ற வேண்டும் என்று கேட்பவர் துரத்துவார், இருக்கிறபடி இருந்தால் போதும் என்பவர் விலகுவார். பண விஷயத்தில் அவருக்கு மாற்றம் வேண்டுமென்றால், அந்த அமைதியானவரே துரத்துபவராக மாறுவதைப் பார்க்கலாம். ஆகவே "அவர் இப்படித்தான், அவா அப்படித்தான்" என்று முத்திரை குத்தாமல், இந்தச் சண்டையில் மாற்றம் கேட்பது யார் என்று முதலில் பாருங்கள்.

விலகுகிறவருக்கு அக்கறை இல்லை என்று வெளியில் தெரியும். உள்ளே பெரும்பாலும் நடப்பது வேறு. உளவியலாளர் ஜோன் கொட்மன் தம்பதிகளின் நாடித்துடிப்பை அளந்துகொண்டே சண்டைகளைப் பதிவு செய்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் காதில் விழுவதை மூளை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாது, அது இறங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவரது முடிவு. வாய்மூடி இருப்பவரின் துடிப்புப் பல வேளைகளில் அந்த அளவில்தான் நிற்கிறது. அந்த நிலையில் துரத்திப் பயனில்லை.

செய்ய வேண்டியது இடைவெளி. ஆனால் இடைவெளிக்கு விதி வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடுத்த சண்டை. இடைவெளி கேட்பவர்தான் திரும்பும் நேரத்தைச் சொல்ல வேண்டும்: "இப்ப எனக்கு ஏலாது, எட்டரைக்கு இதே இடத்தில கதைப்பம்." ஆகக் குறைந்தது அரை மணித்தியாலம், ஆகக் கூடியது அடுத்த நாள் அதே நேரம். நாலு நாள் யோசிக்கிற மனிதருக்கு ஒரு நாள் தாராளம், ஏனெனில் கேட்கப்படுவது இறுதி முடிவல்ல, பேச்சு. சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த தடவை அவருக்கு இடைவெளி கிடைக்காது என்பதை அவர் விளங்கிக்கொள்ள வேண்டும்.

துரத்துபவருக்கு அந்த அரை மணித்தியாலம் மிகக் கடினம். கைவிடப்பட்டதுபோல் இருக்கும். அதனால் அவருக்கும் ஒரு வேலை: ஒரு தாளில் ஒரேயொரு விஷயத்தை மூன்று வரிக்குள் எழுதுவது. வட்ஸ்அப்பில் அடுத்தடுத்துக் குரல்பதிவு அனுப்புவதும், அறைக் கதவுக்கு வெளியே நின்று பேசுவதும் இடைவெளியை இல்லாமலாக்கும், மற்றவரின் துடிப்பு இறங்காது. விலகுபவர் அந்த நேரத்தில் மனதுக்குள் பதிலடி தயாரித்தாலும் இறங்காது. நடக்கலாம், குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம்.

திரும்பி வந்தபின் முதல் மூன்று நிமிடம்தான் பேச்சின் போக்கைத் தீர்மானிக்கும். "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. "நேற்று அக்கா வீட்டில நீங்கள் இடையில எழும்பிப் போனது எனக்குக் கவலையா இருந்தது, அடுத்த முறை எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்பதில் ஒரு சம்பவம், ஒரு உணர்வு, ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். ஒருவர் ஐந்து நிமிடம் பேச, மற்றவர் கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டுவிட்டுத்தான் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். மொத்தம் நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், இரவு பத்துக்குப் பிறகு தொடங்கவும் வேண்டாம். முகத்துக்கு முகம் இருந்து பேசுவது அமைதியானவர்களுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடும். கடலோரம் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு பேசினால் அவருக்கு வாய் திறக்கும்.

எனக்கு இதில் ஆகப் பயமான சொல் "சரி, சரி". சண்டையை முடிப்பதற்காக அமைதியானவர் அதைச் சொல்வார், மற்றவர் உடன்பாடு என்று நம்புவார், இரண்டு கிழமையில் ஒன்றும் நடக்கவில்லை என்று பெரிய சண்டை வரும். "சரி" என்றால் எதைச் செய்வது, எப்போதிருந்து என்று அவர் வாயாலேயே கேட்டு முடியுங்கள்.

எல்லாச் சண்டையும் தீர வேண்டும் என்றும் இல்லை. கொட்மனின் கணக்கில் தம்பதிகளின் முரண்பாடுகளில் 69 வீதம் குணத்திலிருந்தும் வாழ்க்கை முறையிலிருந்தும் வருபவை, வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வரும். "எத்தனை விசேசத்துக்குப் போவது" என்பது இவர்களுக்கு அறுபது வயதிலும் இருக்கும்.

தெகிவளையான்

ஒரு எச்சரிக்கை சேர்க்க வேணும், ஏனெண்டா "அவர் அமைதியான ஆள்" எண்ட சொல்லுக்குப் பின்னால வேற விஷயமும் ஒளிஞ்சிருக்கும். தேவைக்கு இருக்கிற மௌனத்துக்கு முடிவு நேரம் உண்டு, அதுக்கிடையிலயும் சாப்பாடு வேணுமோ, திறப்பு எங்க எண்டு கேட்டாப் பதில் வரும். தண்டனையாப் போடுற மௌனம் நாள்கணக்கா நீளும், மற்றவர் மன்னிப்புக் கேட்டாத்தான் முடியும், என்ன பிழை எண்டும் சொல்ல மாட்டினம். இது குணமில்லை, பழக்கி எடுக்கிற முறை.

அதே மாதிரி, "எனக்கு ஆக்களைப் பிடிக்காது" எண்டு சொல்லுறதும் "நீ உன்ர சிநேகிதிகளைப் பார்க்கக்கூடாது" எண்டு சொல்லுறதும் ஒண்டில்லை. போனின்ர கடவுச்சொல்லுக் கேட்கிறது, சம்பளத்தை வாங்கி வைக்கிறது, எங்க நிக்கிறா எண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் படம் கேட்கிறது, இதுகளுக்கு அகமுகம் (தனிமையை நாடுற குணம்) எண்டு பேர் வைக்காதேங்கோ. மறுபக்கமும் உண்டு: கலகலப்பு எண்ட பேரில ஆக்களுக்கு முன்னால துணையைக் கேலி செய்து சிரிப்பு எடுக்கிறது வெளிப்படைக் குணமில்லை, இளக்காரம். நிச்சயக் காலத்தில இப்பிடி ஒண்டைக் கண்டா எழுத்தைத் தள்ளிப்போடுங்கோ. பயமுறுத்தலோ அடியோ இருந்தா பெண்கள் உதவி இலக்கம் 1938 இருக்கு. மனம் தாங்க ஏலாத நிலை எண்டா 1926.

பஞ்சாங்கக்காரர்

கணப் பொருத்தம் பற்றி. 27 நட்சத்திரங்களையும் தேவ, மனித, இராட்சத கணம் என்று ஒன்பது ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். அசுவினி, மிருகசீரிடம், புனர்பூசம், பூசம், அத்தம், சுவாதி, அனுசம், திருவோணம், ரேவதி தேவ கணம். பரணி, ரோகிணி முதலியவை மனித கணம், கார்த்திகை, ஆயிலியம், மகம் முதலியவை இராட்சதம். ஒரே கணமானால் பொருத்தம் என்றும், பெண் இராட்சதம் ஆண் தேவம் என்றால் இல்லை என்றும் பெரும்பாலான பஞ்சாங்கங்கள் சொல்லும். பத்துப் பொருத்தத்தில் இது ஒன்று. குறிப்புப் பார்க்கிறவர்கள் பலர் இதைவிட இரச்சு (ரஜ்ஜு) பொருத்தத்துக்கே கூடிய மதிப்புக் கொடுப்பார்கள்.

கணத்தைச் சுபாவம் என்று விளக்குவது மரபு, அதனால் நீங்கள் கேட்டதில் பிழையில்லை. ஆனால் அது பிறந்த நட்சத்திரத்தை மட்டும் வைத்துப் போடுவது. அவர் எத்தனை மணிக்குக் களைப்பார், அவா எப்படிச் சண்டை பிடிப்பா என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. வீட்டாருக்கு மன நிம்மதி வேண்டுமென்றால் குறிப்பைக் கொண்டுபோய் அந்த ஒரு பொருத்தத்துக்கு விதிவிலக்கு உண்டா என்று கேளுங்கள், இராசியதிபதி நட்பை வைத்துத் தளர்த்துகிற வழக்கம் இருக்கிறது. மேலே எழுதியவர்கள் சொன்ன பேச்சுகளை அதற்காக விட்டுவிட வேண்டாம்.

மூன்றாம்மாடி

ஆறு மாதத்துக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டீங்கள். விருந்துக்கும் கடற்கரைக்கும் போய்வந்தா ஒண்டும் தெரியாது, அங்க எல்லாரும் நல்லவைதான். வேலையும் களைப்பும் முடிவும் சேர்ந்து வாற இடத்துக்கு அனுப்புங்கோ.

முதல் இரண்டு மாதத்தில ஒரு சனிக்கிழமை புறக்கோட்டைக் கடைத்தெரு. ஒரு தொகை, உதாரணமா 30,000 ரூபா, வீட்டுக்குத் தேவையான நாலு சாமான், மூண்டு மணித்தியாலம். ஆர் விலை பேசினது, ஆர் முதல் கடையிலேயே வாங்க நிண்டது, ஆர் ஆறாவது கடைக்கும் இழுத்தது, காசு முடிஞ்சாப் பிறகு ஆர் ஆரைக் குறை சொன்னது எண்டு பாருங்கோ. வெயிலில நிண்டு களைச்சிருக்கேக்க மற்றவருக்குத் தண்ணிப் போத்தில் வாங்கிக் குடுத்தது ஆர் எண்டதும் கணக்கு. இன்னொரு நாள் இரண்டு வீட்டாக்களோடயும் கண்டிக்கு ரயிலில போய் வாங்கோ. நாள் முழுக்க ஆக்களுக்குள்ள நிண்டிட்டுத் திரும்பி வரேக்க அவர் எரிஞ்சு விழுறாரோ, சொல்லிப்போட்டு மௌனமா இருக்கிறாரோ எண்டு தெரியும். அவா அந்த மௌனத்தை விடுறாவோ, சுரண்டுறாவோ எண்டும் தெரியும்.

மூண்டாம் நாலாம் மாதம் மேல சொன்ன பெரிய கேள்விகள். ஒரு இருப்பில ஒண்டு மட்டும். கேள்வியை மூண்டு நாளுக்கு முதல் அவருக்கு எழுதி அனுப்ப வேணும். இது அமைதியான ஆளுக்குச் செய்யிற தயவு எண்டு நினைக்க வேண்டாம், யோசிச்சுச் சொன்ன பதில் அவாவுக்கும் நிலையான பதிலாக் கிடைக்கும். அவா அந்த மூண்டு நாளும் பதிலை ஊகிச்சுக் கேட்கக்கூடாது.

ஐந்தாம் மாதம் உண்மையான ஒரு முரண்பாட்டை எடுங்கோ. கலியாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுறது எண்டது தானாவே வந்து நிக்கும். அவருக்கு 150 பேர், அவாவுக்கு 500 பேர் எண்டு வைப்பம். இடைவெளி எடுத்து, திரும்பி வந்து, ஒருத்தர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி, ஒரு எண்ணுக்கு வர முடியுதோ எண்டு பாருங்கோ. இடையில இரண்டு தாய்மாரும் பூந்து முடிவைத் தாங்களே எடுத்தா, சோடிக்கு அந்தப் பயிற்சி கிடைக்கேல்லை, வேற விஷயத்தில திரும்பச் செய்ய வேணும். மூண்டு தரம் செய்தும் ஒவ்வொரு தரமும் ஒருத்தர்தான் விட்டுக்குடுத்தவர் எண்டா, ஒரு உளவளத்துணையாளரிட்ட எழுத்துக்கு முதலே இரண்டு மூண்டு தரம் போறது நல்லது. கலியாணம் முடிஞ்சு இரண்டு வருசத்தால போறதைவிட அது லேசு.

கடைசியா முடிவு வேகம். எல்லா முடிவுக்கும் நாலு நாள் குடுத்தா அவாவுக்கு மூச்சு முட்டும், எல்லாத்தையும் அந்த நிமிசமே முடிச்சா அவருக்குத் தலை சுத்தும். தொகையை வைச்சுப் பிரியுங்கோ. 5,000 ரூபாவுக்குள்ள ஆரும் ஆரையும் கேட்கத் தேவையில்லை. 5,000க்கு மேல 50,000 வரைக்கும் அண்டைக்கு இரவே முடிவு. அதுக்கு மேல மூண்டு நாள், நாலாம் நாள் காலமை பதில் இல்லையெண்டா கேட்டவரின்ர விருப்பப்படி நடக்கும். கடன், காணி, வெளிநாட்டு விண்ணப்பம் மட்டும் இரண்டு பேரும் வாயால "ஓம்" சொல்லாமல் நகரக்கூடாது. தொகையை இரண்டு பேரின்ர சம்பளத்துக்கும் ஏற்றபடி மாத்துங்கோ. மாதத்தில ஒரு போயா நாள் (பௌர்ணமி விடுமுறை), கந்தோரும் வங்கியும் பூட்டு, காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து அந்த மாத வரவு செலவையும் வரப்போற விருந்தினர் பட்டியலையும் பாருங்கோ. நேரத்தை முதலே சொல்லி வைச்சா அவர் தயாரா வருவார், அவாவும் இடையில வாற ஒவ்வொரு விஷயத்தையும் அண்டண்டைக்கே இழுக்கத் தேவை வராது.